திருப்பி வைத்த செருப்பு

என் அண்ணி மஸ்ரூராவுக்கு உண்மையாகவே கோபம் வந்து நான் பார்த்தது ஒரே தடவைதான். அப்போதும் அவள் குரல் உயரவில்லை. எனக்கு நேர் எதிர். எனக்குக் கோபம் வந்தால் அடுப்பிலிருக்கும் சட்டியிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வரைக்கும் தெரிந்துவிடும். ரும்யாத்தியின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று எங்கள் ஊரான சும்பெர்வாருவில் சொல்லாதவர்கள் கிடையாது. போடட்டும். இதைச் சொல்லி முடித்த பிறகு போடட்டும்.

மஸ்ரூரா என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகும் அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நான் புருஷன் சரியில்லை என்று திரும்பி வந்தவள். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். மதரஸாவின் வாசலுக்கு எதிரே நான் பஜ்ஜிக்கடை போட்டிருக்கிறேன். அண்ணி அதே மதரஸாவின் தலைமை ஆசிரியை. காலையில் ஒன்றாகத்தான் வீட்டிலிருந்து கிளம்புவோம். தெருவில் நான் பேசிக்கொண்டே வருவேன், அவள் கேட்டுக்கொண்டே வருவாள்.

மதரஸா கியாய் பஸ்தோமியின் குடும்பத்துக்குச் சொந்தம். கியாய் என்றால் எங்கள் பக்கம் மார்க்க குரு. அவருடைய பாட்டனார் மூங்கில் தட்டி வைத்து ஆரம்பித்தது. பள்ளிவாசல், விடுதி, பள்ளிக்கூடம், கியாயின் வீடு எல்லாம் ஒரே மதிலுக்குள். அந்த மதிலுக்குள் அவர் சொன்னால் சொன்னதுதான். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகப் பேசுவார், தெருவில் போகிற கிழவிக்கும் வழி விட்டு நிற்பார். அதனால்தான் எங்களுக்கு அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வரவில்லை என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

அண்ணி பொறுப்புக்கு வந்தபோது அது பள்ளிக்கூடம் மாதிரியே இல்லை. ஆசிரியர்கள் நினைத்தால் வந்தார்கள். வகுப்புக்குள் வாத்து நடக்கும். கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மணி அடித்தால் அழித்துவிட்டுப் போவார்கள். அண்ணி யாரையும் திட்டவில்லை. ஏதாவது ஒரு வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள். பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாள். கணக்கு வாத்தியார் பாக் சுரோசோ, பாக் என்றால் ஐயா, என் கடையில் வந்து பொரிந்து தள்ளினார்.

"எங்கள என்ன திருடன்னு நெனச்சாங்களா உங்க அண்ணி? பின்னாடி உக்காந்து காவல் காக்கறாங்க!"

"திருடலியா பாக்? போன வாரம் பூரா பசங்க நேரத்தத் திருடிட்டு வந்து இங்கதான உக்காந்து காப்பி குடிச்சீங்க?"

அவருக்கு மூக்கு உடைந்தது. ஆனால் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பிறகுதான் அண்ணி வியாழக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தாள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மதியம் பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார வேண்டும். என் கடை பஜ்ஜி, தேநீர். ஒவ்வொருவரும் அந்த வாரம் தாங்கள் சரியாக நடத்தாமல் கோட்டை விட்ட பாடத்தைச் சொல்ல வேண்டும். ஜெயித்த கதை வேண்டாம், தோற்ற கதை மட்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'தோத்த கதை'தான். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணியே தொடங்கினாள். நெம்புகோல் பாடம் நடத்தினாளாம், பிள்ளைகள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்களாம். ஆகா என்று சந்தோஷப்பட்டு ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தால், நெம்புகோலின் விளக்கத்துக்கு நடுவில் 'பின்னாடி யாரு பேசறது, வாயை மூடு' என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். அண்ணி சொல்லி முடித்ததும் பாக் சுரோசோதான் முதலில் சிரித்தார். அடுத்த வாரம் அவரே தன்னுடையதைச் சொன்னார். ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஆசிரியர்களானது அந்தப் பாயில்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

ஆனால் அண்ணியின் மனதில் இருந்தது வேறு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு செருப்புப் பட்டறை. மதரஸாவில் ஒன்பதாம் வகுப்போடு சரி. பையன்கள் மோட்டார் சைக்கிளில் மொஜோகெர்தோ டவுனுக்குப் போய்ப் பத்தாம் வகுப்பில் சேர்வார்கள். பெண்கள் பட்டறையில் உட்கார்ந்து அடிப்பாகத்துக்குப் பசை தடவுவார்கள். உல்ஃபா என்று பக்கத்துத் தெருவில் ஒரு பெண், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் பட்டறைக்குப் போய்விடுவாள். தனிமங்களின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே பசை தடவுவாள். அந்தப் பசை விரலிலிருந்து போகாது. அண்ணி அவள் அப்பாவிடம் போய்ப் பேசினாள்.

"டவுனுக்கு எதுக்கு இபு பொம்பளப் புள்ளைய அனுப்பணும்? கியாய் மதிலுக்குள்ளேயே மேல் வகுப்பு இருந்தா நான் ஏன் வேண்டாங்கறேன்?" என்றார் அவர்.

எங்கள் பக்கம் பெண் ஆசிரியர்களை இபு என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். அந்த அப்பா சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நேராகக் கியாயிடம் போனாள். பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அறிவியல் பிரிவு, பெண்களும் சேரலாம், இதே மதிலுக்குள். கியாய் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

"அனுமதி வாங்கிட்டு வா மஸ்ரூரா. பொம்பளப் புள்ளைங்களையும் சேத்து நீயே நடத்தும்மா. நான் இருக்கேன்."

அந்த 'நான் இருக்கேன்' என்ற வார்த்தையை நம்பித்தான் அண்ணி அந்த வருஷம் முழுக்க ஓடினாள். மாவட்ட அலுவலகத்துக்கும் ஊருக்குமாக நடையாய் நடந்தாள். கல்லூரியில் யாரோ கழித்துப்போட்ட மேசைகளைக் கேட்டு வாங்கி வந்து ஆய்வுக்கூடம் வைத்தாள். பட்டறைக்காரர்கள் செங்கல் கொடுத்தார்கள், கூரை போடுகிற அன்று ஊரே வந்து கை கொடுத்தது. நான் அண்டாவில் சோறு வடித்தேன். உல்ஃபாவின் அப்பா கூரை மேலே இருந்தார்.

இதிலெல்லாம் அண்ணிக்குக் கூடவே நின்றவன் ஜைனூரி. அவளிடம் படித்தவன். மேலே படிக்க வைக்க அவன் வீட்டில் சம்மதிக்கவில்லை. அண்ணிதான் போய்ச் சண்டை போடாத குறையாகப் பேசி மாலாங் நகரத்துக் கல்லூரிக்கு அனுப்பினாள். படித்து முடித்து வந்ததும் மதரஸாவிலேயே வேலை, பிறகு துணைத் தலைமை. நல்ல மூளை, நல்ல பேச்சு. சட்டையில் ஒரு மடிப்பு கலையாது.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் மாணவர்கள் கியாய் உள்ளே போனதும் அவர் கழற்றிப் போட்ட செருப்பைத் திருப்பி, முன்பக்கம் வாசலைப் பார்த்து இருக்கும்படி வைப்பார்கள். வெளியே வந்ததும் அவர் திரும்பி நின்று கால் நுழைக்க வேண்டாம், அப்படியே போட்டுக்கொண்டு நடக்கலாம். குருவுக்குச் செய்கிற மரியாதை. கியாய் குடும்பத்துக்குச் செய்வார்கள், மூத்த உஸ்தாத்களுக்குச் செய்வார்கள். கியாய் குடும்பமும் இல்லாத, மார்க்க நூல் சொல்லித்தரும் உஸ்தாதும் இல்லாத ஒரு பெண் தலைமை ஆசிரியைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். ஜைனூரி செய்தான். அண்ணி அலுவலக அறைக்குள் போனால் போதும், குனிந்து அவள் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மற்ற ஆசிரியர்கள் காக்கா பிடிக்கிறான் என்று கேலி செய்தார்கள். அண்ணிக்கு ஆரம்பத்தில் கூச்சம், வேண்டாம்பா என்பாள். பிறகு பழகிவிட்டது. அதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு என்பது எனக்குத் தெரியும். நியாயமான சந்தோஷம்தான், அவள் அதற்கு உழைத்திருக்கிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் அடுப்படியில் மூன்று பேரும் இருந்தோம். நான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் புதிய வகுப்புகளுக்கு நேரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், விடுதியில் தங்கும் பெரிய பிள்ளைகளுக்குக் காலை முழுவதும் மஞ்சள் கிதாபுதான். மஞ்சள் தாளில் அச்சடித்த பழைய அரபு நூல்கள். கியாயின் வீட்டு ஆண்கள் வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்வார்கள். பாட்டனார் காலத்திலிருந்து அப்படித்தான். வேதியியலுக்கு ஒத்துக்கொண்ட ஆசிரியர் டவுனிலிருந்து காலையில் மட்டும்தான் வர முடியும். எதை எங்கே நகர்த்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அண்ணி, கடைசியில் சிரித்துவிட்டாள்.

"பாவம் ஜைனூரி, மஞ்சள் கிதாபு விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிடுது. காலைல கொஞ்சம் தூங்கட்டும் விடு. மதியம் எழுப்பிக்கலாம்."

மூன்று பேரும் சிரித்தோம். ஜைனூரி சிரித்த சிரிப்பில் வாழைப்பழம் தொண்டையில் சிக்கி, நான் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

அண்ணி கிதாபு தெரியாதவள் இல்லை. அவள் அப்பா உஸ்தாத். அவளே அதில் பாதியை மனப்பாடமாகச் சொல்வாள். வீட்டு மனுஷனைக் கேலி செய்கிற மாதிரிதான் அவள் கிதாபைக் கேலி செய்தாள்.

கொஞ்ச நாளில் ஜைனூரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் யார் தெரியுமா? கியாயின் தம்பி மகள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு ஏற்றம் கிடையாது. பட்டறைக்காரன் மகன் மதிலுக்குள் மருமகனாகப் போகிறான். அண்ணி சொந்த மகனுக்கு நிச்சயமான மாதிரி பூரித்துப் போனாள். நான் பசையரிசியில் வெல்லம் போட்டு இனிப்புக் கிளறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை வலிக்கக் கிளறினேன்.

அனுமதி வந்துவிட்டது. அண்ணி அன்று என் கடைக்கு முன்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உல்ஃபாவைப் பார்த்து, "புஸ்தகத்துக்கு அட்டை போட்டு வை" என்றாள்.

அந்த வாரமே கியாய் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு எல்லா ஆசிரியர்களும் வர வேண்டும். மேல் வகுப்புகளுக்கான பொறுப்பைச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தது. திறப்பு விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பழுப்பு நிறப் பத்திக் கைலியை அண்ணி அன்றைக்கே கட்டினாள். அங்கே அடுப்படியில் ஆள் குறைவு என்று தேநீர் கொடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அண்ணி தன்னுடையதை ஓரமாகக் கழற்றி விட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் கியாய் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் வலது பக்கம் மருமகன் குஸ் ஹைதர், கெய்ரோவில் படித்து வந்தவர், ஊரில் யாரிடமும் அதிகம் பேசாதவர். கியாய் வீட்டு இளைய ஆண்களைக் குஸ் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். குஸ் ஹைதருக்கு அடுத்து ஜைனூரி. அவன் அதற்கு முன் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஆகப்போகிறவன், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியர்கள் சுவரோரமாக, அண்ணி பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில்.

கியாய் ஓதி முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். பாட்டனாரைப் பற்றிப் பேசினார். எல்லோருடைய உழைப்பையும் பாராட்டினார், மஸ்ரூராவின் உழைப்பை ரொம்பவே பாராட்டினார். பிறகு சொன்னார்.

"ஒரு வார்த்தை என் காதுக்கு வந்துச்சும்மா. மஞ்சள் கிதாபு காலைல தூங்கட்டும், மதியம் எழுப்பிக்கலாம்னு சொன்னியாமே."

என் கையில் தேநீர்த் தட்டு. அண்ணி தலையைத் தூக்கினாள். தூக்கியதும் அவள் கண் வந்து நின்றது என்மேல்தான்.

நியாயம்தான், அந்த அடுப்படியில் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் ஊரறிந்த வாயாடி நான். ஆனாலும் சொல்கிறேன், என் புருஷன் அடித்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, கண் மெல்ல நகர்ந்து எதிர்ப்பக்கம் போனது. ஜைனூரி பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"சொன்னேன் கியாய். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்" என்றாள் அண்ணி.

"சிரிச்சுக்கிட்டே சொன்னதுதாம்மா எனக்கு வலிக்குது."

"நேரத்த மாத்தறதுக்குத்தான் கியாய். கொறைக்கறதுக்கு இல்ல. ஜைனூரிக்குத் தெரியும். அவனும் கூட இருந்தான்."

கியாய் ஜைனூரியைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம் கியாய், வேடிக்கையாகத்தான் சொன்னார்கள் என்றால் அந்த மனிதர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஜைனூரி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"பெரியவங்க முடிவு எதுவோ அதுதாங்க கியாய்" என்றான்.

மேல் வகுப்புகளுக்குத் தலைவர் குஸ் ஹைதர் என்று கியாய் சொன்னார். அன்றாட நடப்பைப் பார்த்துக்கொள்ள ஜைனூரி. கீழ் வகுப்புகளும் இனி அவர்கள் இருவரின் கையில், எல்லாம் ஒரே கையில் இருந்தால் நல்லது. மஸ்ரூரா ஆலோசகராக இருப்பாள். முதல் வருஷம் பையன்கள் மட்டும் சேரட்டும், பெண்களைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இதில் யாருக்காவது வேறு எண்ணம் உண்டா என்று கேட்டார்.

கியாய் கேட்டால் எங்கள் வாயிலிருந்து வருவது 'சரிங்க' மட்டும்தான். பிறந்த குழந்தைக்கு நாங்கள் முதலில் பழக்குகிற சொல் அது. பாக் சுரோசோ சரிங்க என்றார். தோற்ற கதை சொல்லிச் சொல்லி நல்ல வாத்தியார் ஆனவர்கள் வரிசையாகச் சரிங்க என்றார்கள். கடைசியில் கியாய் அண்ணியையே கேட்டார்.

"உனக்குச் சம்மதந்தானம்மா?"

கூடவே நடந்து வந்த என் அண்ணி, தெருத்தெருவாகப் போய் அப்பாக்களிடம் வாதாடின என் அண்ணி, அந்தக் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க, கியாய்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். வந்தது பழக்கம். ஜைனூரியின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் கால் பங்கு அந்தச் சொல்லின் மேலும் உண்டு.

வெளியே வந்தபோது எங்களுக்கு முன்னால் குஸ் ஹைதர் படியில் நின்றிருந்தார். ஜைனூரி ஓடிப்போய்க் குனிந்து அவருடைய செருப்பைத் திருப்பி வைத்தான். பக்கத்திலேயே அண்ணியின் செருப்பு, அவள் கழற்றிப் போட்டபடியே, வீட்டைப் பார்த்துக் கிடந்தது. அவன் கை அதற்குப் போகவில்லை. அண்ணி திரும்பி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நுழைத்தாள்.

ஆற்றோரப் பாதையில் வரும்போது நான் வாயே திறக்கவில்லை. வழியில் நின்று அவள்தான் பேசினாள்.

"ரும், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கியாய் அந்த வார்த்தையச் சொன்னதும் நீதான் வெளிய சொல்லிட்டியோன்னு நெனச்சுட்டேன். ஒரு நொடிதான். ஆனா நெனச்சுட்டேன். அத மன்னிச்சுடு."

"போங்க அண்ணி, எனக்கு இருக்கற வாய்க்கு யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. என் முக்காட்டைச் சரிசெய்து விட்டாள்.

ஆலோசகர் நாற்காலியில் அவள் உட்காரவே இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பழைய கட்டடத்துக்கே போய்விட்டாள். வியாழக்கிழமைக் கூட்டம் நின்றது. பாய் மட்டும் அலமாரி மேல் சுருட்டிக் கிடக்கிறது. பாக் சுரோசோ ஒருநாள் கடைக்கு வந்து, "இப்ப யாரும் கடைசி பெஞ்சுல வந்து உக்கார்றதில்ல, நிம்மதி" என்றார். அவர் வைத்துவிட்டுப் போன காப்பியில் பாதி அப்படியே இருந்தது. மகளை எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்டு வந்த உல்ஃபாவின் அப்பாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவள் அட்டை போட்டு வைத்த புத்தகங்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டறையில் முழுநேரமும் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா போட்ட கூரைக்குக் கீழே பையன்கள் படிக்கிறார்கள். கிதாபு காலையில் ஓதப்படுகிறது. வேதியியல் ஆசிரியர் வருவதில்லை.

நோன்பு முடிந்து பெருநாள் வந்தது. எங்கள் பக்கம் பெருநாள் என்றால் மன்னிப்புக் கேட்கிற நாள். சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு, வெளியே செய்த தப்பையும் உள்ளுக்குள் நினைத்த தப்பையும் மன்னித்துவிடுங்கள் என்பார்கள். பெரியவர்கள், எனக்கும் அப்படியே என்பார்கள். பிறகு பிஸ்கட், காப்பி, ஓலைச்சோறு. ஒரு வருஷத்துப் பாவமும் பிஸ்கட் ஊறுவதற்குள் தீர்ந்துவிடும். எந்தத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதுதான் அதிலிருக்கிற வசதி.

மதியத்துக்கு மேல் ஜைனூரி வந்தான். புதுச் சட்டை, புதுத் தோல் செருப்பு, கறுப்புத் தொப்பி. மதிலுக்குள் மருமகனாகி மூன்று மாதம் ஆகியிருந்தது, முகத்தில் சதை பிடித்திருந்தது. நான் அடுப்படிக் கதவில் நின்றுகொண்டேன், கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் அண்ணிக்கு எதிரே மண்டியிட்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"இபு, வெளிய செஞ்சது, உள்ள நெனச்சது, எல்லாத் தப்பையும் மன்னிச்சுடுங்க."

எனக்கும் அப்படியே என்பதற்கு நான் காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான்.

"எந்தத் தப்பு, ஜைனூரி?" என்றாள் அண்ணி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கேள்வியைப் பெருநாளில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

"எல்லாமேதான் இபு. தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது..."

"தெரியாதத விடு. தெரிஞ்சதச் சொல்லு."

அவன் பிஸ்கட் ஜாடியைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கியாய் கேட்டா நான் என்ன இபு சொல்ல முடியும்?"

"அவரு கேட்டாரா? இல்ல நீயா போய்ச் சொன்னியா?"

அவன் எதிரே இருந்த காப்பிக் குவளையை வட்டமாகத் திருப்பினான்.

"சரி, அத விடு. கூடத்துல எல்லார் முன்னாடியும் உன்னத் திரும்பிப் பாத்தாரே, அப்பவாவது, வெளையாட்டாத்தான் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? என்னை விடு. உல்ஃபா பசை தடவிக்கிட்டு இருக்கா. அந்தப் பக்கமாத்தான நீ தெனமும் போற?"

"இபு, நல்ல நாள் அதுவுமா..."

"காப்பி ஆறுது. குடி" என்றாள் அண்ணி.

அவன் குடித்தான். அண்ணி எழுந்து வெளியே போனாள். யாரோ வருகிறார்கள் போல என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் யாருமில்லை. அண்ணி படியில் குனிந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலி உள்ளவள், ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு மற்றொரு கையால் எதையோ நகர்த்தினாள். பிறகு உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கோபம் என்று நான் முதலில் சொன்னேனே, அது இதுதான்.

"கெளம்பு, நாலு வீட்டுக்குப் போகணும்ல உனக்கு" என்றாள்.

அவன் கைகூப்பிவிட்டு எழுந்தான். வாசலுக்குப் போனவன் படியில் அப்படியே நின்றுவிட்டான். நான் கரண்டியோடு பின்னால் போய்ப் பார்த்தேன். அவனுடைய புதுச் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, முன்பக்கம் தெருவைப் பார்த்து, ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

மாணவன் குருவுக்குச் செய்ய வேண்டியதைக் குரு மாணவனுக்குச் செய்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவன் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"இபு... நீங்களா?"

"கியாய் வீட்டு மனுஷனாச்சே நீ" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "திருப்பி வைக்கறது எங்க வேலதான?"

அதில் கால் நுழைக்க அவனால் முடியவில்லை. நுழைத்தால் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டதாகும். பிறகு குனிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கினான். வெயில் ஏறிய தார்ச்சாலை. பெருநாள் உடுப்போடு திண்பண்டத் தட்டு தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். உல்ஃபாவின் வீட்டைத் தாண்டும்போது அவன் வேகமாக நடந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் உள்ளே வந்து பார்த்தால் அண்ணி பிஸ்கட் ஜாடியின் மூடியைப் போட முடியாமல் திருகிக்கொண்டிருந்தாள். நான் வாங்கி மூடினேன்.

"அவன மன்னிச்சுட்டீங்களா அண்ணி?"

அவள் ஜைனூரி குடித்து வைத்த காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் இன்னும் கேக்கவே இல்லியே, ரும்."